பிலேயாம் சபிக்கவே இல்லையே. பிறகு ஏன் அவன் பெயர் கூலியோடு சேர்ந்தது?

வேதமாணவி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில் எண்ணாகமம் 22 முதல் 24 வரையுள்ள அதிகாரங்களை நடத்தும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாடத்துக்காகப் படிக்கப் படிக்க எனக்குள் ஒரு குழப்பம் வளர்ந்துவிட்டது. அதைத் தீர்த்துக்கொள்ளாமல் வாலிபர்கள் முன் நிற்க எனக்கு மனமில்லை.

பிலேயாம் பொருளாசை பிடித்த தீர்க்கதரிசி என்று ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்த மூன்று அதிகாரங்களை மட்டும் எடுத்து நிதானமாக வாசித்தால், அவன்மேல் குற்றம் சுமத்த எனக்கு எதுவும் அகப்படவில்லை. மோவாபின் ராஜாவாகிய பாலாக், இஸ்ரவேலைச் சபிக்க வரச்சொல்லி முதல் முறை ஆள் அனுப்பியபோது அவன் கர்த்தரிடத்தில் விசாரித்து, வரமுடியாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். இரண்டாம் முறை இன்னும் பெரிய பிரபுக்கள் வந்தபோது, பாலாக் தன் வீடு நிறைய வெள்ளியும் பொன்னும் தந்தாலும் என் தேவனாகிய கர்த்தரின் கட்டளையை மீறமாட்டேன் என்கிறான். இன்றைக்கு ஒரு ஊழியக்காரர் இப்படிப் பேசினால் நாம் அவரை எவ்வளவு மதிப்போம்! தேவன் போகச் சொன்ன பிறகுதான் அவன் கழுதையின்மேல் சேணம் வைக்கிறான். மூன்று மேடுகளில் நின்று மூன்று முறையும் இஸ்ரவேலை ஆசீர்வதிக்கிறான். கடைசியில் பாலாக் கோபத்தில் கையோடே கைதட்டி, வெறுங்கையாய் ஊருக்குப் போ என்று துரத்திவிடுகிறான். யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்ற வாக்கும் இவன் வாயிலிருந்துதான் வந்தது.

இப்படிப்பட்டவனைத்தான் பேதுருவின் இரண்டாம் நிருபம் அநீதத்தின் கூலியை விரும்பினவன் என்கிறது. யூதாவின் நிருபம் அவனைக் காயீனோடும் கோராகோடும் சேர்த்து நிறுத்துகிறது. வாங்காத கூலிக்காக ஒருவனை இத்தனை கடுமையாகச் சொல்லலாமா? போ என்று உத்தரவு கொடுத்த தேவனே, அவன் போனபோது ஏன் கோபம்கொண்டார்? இரண்டாவது கேள்வியை வகுப்பில் யாராவது கேட்டே தீருவார்கள். படித்தவர்கள் உதவினால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

நதியோரம் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பிலேயாம் சொன்ன வாக்குகளை மட்டும் வாசித்தால் அவனிடம் குற்றம் இருக்காது. அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். அவன் சொல்லாமல் விட்டதையும், ஏற்கெனவே பதில் கிடைத்த கேள்வியை அவன் மறுபடியும் கேட்டதையும் சேர்த்து வாசித்தால் இதே அதிகாரங்களில் வேறொரு மனிதன் தெரிகிறான்.

முதல் இரவிலிருந்து தொடங்குவோம். தேவன் அவனுக்குச் சொன்னவை மூன்று: அவர்களோடே போகவேண்டாம், அந்த ஜனங்களைச் சபிக்கவும் வேண்டாம், அவர்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. இந்த மூன்றையும் அப்படியே தூதரிடம் சொல்லியிருந்தால், பாலாக் இரண்டாம் முறை ஆள் அனுப்பியிருக்க வாய்ப்பே இல்லை. ஆசீர்வதிக்கப்பட்ட ஒரு கூட்டத்தைச் சபிக்க எந்த ராஜா கூலி கொடுப்பான்? ஆனால் காலையில் எழுந்த பிலேயாம், உங்களோடு வர கர்த்தர் எனக்கு உத்தரவு கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறான். சபிக்கக்கூடாது என்பதையும், அவர்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள் என்பதையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்கிறவனுக்கு, இவனுக்கு வர ஆசைதான், இடையில் ஏதோ ஒரு தடை இருக்கிறது, விலையைக் கூட்டினால் அது விலகும் என்று தோன்றும். தூதர்கள் பாலாகிடம் போய்ச் சொன்னபோது செய்தி இன்னும் சுருங்கிவிடுகிறது: பிலேயாம் எங்களோடே வரமாட்டேன் என்றான் என்கிறார்கள். தேவனுடைய தீர்ப்பு தீர்க்கதரிசியின் வாயில் ஓர் அனுமதிப் பிரச்சினையாகி, தூதரின் வாயில் ஒரு பேரமாகவே ஆகிவிட்டது. பாலாகும் அதைப் பேரமாகவே புரிந்துகொண்டான் என்பதற்கு, அடுத்த முறை அவன் அனுப்பிய கனவான்களும், உம்மை மிகவும் கனம்பண்ணுவேன், நீர் சொல்வதையெல்லாம் செய்வேன் என்ற வாக்குறுதியுமே சாட்சி.

இப்போது, உங்களுக்குப் பிடித்த அந்த வசனத்துக்கு வருவோம். வீடு நிறைய வெள்ளியும் பொன்னும் தந்தாலும் மீறமாட்டேன் என்ற வார்த்தை உண்மையிலேயே அழகானது. அந்த இடத்தில் அவன் கதவைச் சாத்திவிட்டு உறங்கப் போயிருந்தால் நாம் இன்று அவனை வேறு விதமாக நினைவுகூருவோம். ஆனால் அடுத்த வசனத்திலேயே, கர்த்தர் இனிமேல் எனக்கு என்ன சொல்லுவார் என்று அறியும்படி நீங்களும் இந்த இரவு இங்கே தங்குங்கள் என்கிறான். இனிமேல் சொல்வதற்கு என்ன இருக்கிறது? சூழ்நிலை மாறவில்லை, ஜனங்கள் மாறவில்லை, பாலாகின் நோக்கமும் மாறவில்லை. மாறியது வந்தவர்களின் அந்தஸ்தும் வாக்களித்த கனத்தின் அளவும் மட்டுமே. முன்பு கிடைத்த பதிலைப் புதிய விலையின் வெளிச்சத்தில் தேவன் மறுபரிசீலனை செய்வார் என்று அவன் நம்பியிருக்கிறான், அல்லது நம்ப விரும்பியிருக்கிறான். வெள்ளியையும் பொன்னையும் பற்றித் தூதர்கள் எதுவும் சொன்னதாக அந்த இடத்தில் எழுதப்படவில்லை என்பதையும் பாருங்கள். அவர்கள் பேசியது கனத்தைப் பற்றி. வெள்ளியையும் பொன்னையும் முதலில் வாய்விட்டுச் சொன்னவன் பிலேயாம்தான்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு மனிதன் எந்த வழியில் போக விரும்புகிறானோ அந்த வழியிலேயே அவனை நடத்துகிறார்கள் என்று யூதரின் சட்ட விளக்க நூலான தல்மூதின் மக்கோத் பகுதியில் யூத ரபீக்கள் ஒரு வாக்கியம் சொல்லி, அதற்குச் சான்றாக இதே இடத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். முதலில் போகவேண்டாம் என்றவர் பிறகு எழுந்து போ என்றார். இது தேவன் மனம் மாறினதால் வந்த உத்தரவு அல்ல. அவன் மனம் மாறாததால் வந்த உத்தரவு. வனாந்தரத்தில் இறைச்சி கேட்டு அழுத இஸ்ரவேலைப் பற்றி 106-ஆம் சங்கீதம் சொல்வதும் இதுவே: கேட்டதைக் கொடுத்தார், ஆத்துமாவிலோ இளைப்பை அனுப்பினார். அனுமதியெல்லாம் அங்கீகாரம் ஆகாது.

கழுதையின் கதையையும் இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். குழந்தைகளுக்குச் சொல்லும் வேடிக்கைக் கதையாகவே அதை விட்டுவிடுகிறோம். ஆனால் நடந்தது மிகவும் பயங்கரமானது. உருவின பட்டயத்தோடு கர்த்தருடைய தூதன் வழியை மறித்து நிற்க, முதலில் கழுதை வழியை விட்டு வயலுக்குள் விலகுகிறது. பிறகு இரண்டு பக்கமும் சுவர் வைத்த திராட்சத்தோட்டங்களின் இடுக்கில் அவன் காலைச் சுவரோடு நெருக்குகிறது. கடைசியில் வலதுபுறம் இடதுபுறம் விலக வழியே இல்லாத இடத்தில் அவன் கீழே படுத்துக்கொள்கிறது. வழி படிப்படியாகக் குறுகிக்கொண்டே வருகிறது. திரும்பிப் போகக் கிடைத்த ஒவ்வொரு வாய்ப்புக்கும் அவன் கொடுத்த பதில் அடி. ராஜாக்களும் பிரபுக்களும் ஆள் அனுப்பித் தேடுகிற ஞானதிருஷ்டிக்காரனுக்குத் தெரியாத தூதன், சுமை சுமக்கிற மிருகத்துக்குத் தெரிகிறான். என் கையில் ஒரு பட்டயம் மாத்திரம் இருந்தால் உன்னைக் கொன்றுபோடுவேன் என்று அவன் கழுதையைப் பார்த்துக் கத்தும்போது, உருவின பட்டயம் அவனுக்கு எதிரே நீட்டப்பட்டிருக்கிறது.

கண் திறக்கப்பட்ட பிறகாவது என்ன சொல்கிறான்? பாவஞ்செய்தேன் என்கிறான்; நல்லது. உடனே, இது உமது பார்வைக்குத் தகாததாயிருக்குமானால் திரும்பிப்போய்விடுகிறேன் என்று ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறான். தூதன் பட்டயத்தோடு வழிமறித்து நின்று, உன் வழி எனக்கு மாறுபாடாயிருக்கிறது என்று சொல்லி முடித்த பிறகும் அவனுக்கு அது இன்னும் ‘இருக்குமானால்’ என்ற நிலையில்தான் இருக்கிறது.

கூலி வாங்கினானா என்று பேதுரு கேட்கவில்லை, விரும்பினான் என்கிறார். வாங்காமல் போனது பாலாகின் கோபத்தால். ஆசைப்படாமல் இருந்ததால் அல்ல.

கல்வெட்டு வாசகர் எழுதியது:

மேலே உள்ள பதிலை ஆர்வத்தோடு வாசித்தேன். பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. இருந்தாலும், வேதமாணவி உணர்ந்த அந்த உறுத்தலைச் சீக்கிரமாகத் தீர்த்துவிடாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். அந்த உறுத்தலுக்கு நியாயம் உண்டு.

வேதாகமத்துக்குள்ளேயே பிலேயாமைப் பற்றி ஒரே குரல் ஒலிக்கவில்லை. மீகா 6-ஆம் அதிகாரத்தில், பாலாக் என்ன ஆலோசித்தான், பிலேயாம் அவனுக்கு என்ன மறுமொழி சொன்னான் என்று நினைத்துக்கொள் என்று கர்த்தர் தம் ஜனத்துக்குச் சொல்லும்போது, பிலேயாம்மேல் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. அவனுடைய மறுமொழி கர்த்தருடைய நீதியான செயல்களின் பட்டியலில் வருகிறது. உபாகமம் 23-இலும் நெகேமியா 13-இலும் பழி விழுவது அவனைக் கூலிக்கு அமர்த்திய மோவாபியர்மேல். எண்ணாகமம் 31-இல்தான் அவன் தீய ஆலோசகனாகக் காட்டப்படுகிறான். மோசேயின் ஐந்து ஆகமங்களாகிய பஞ்சாகமத்தின் மூல ஆவணங்களை ஆராய்கிறவர்களில் பலர், 22 முதல் 24 வரையுள்ள பகுதி ஒரு மரபையும் 31-ஆம் அதிகாரம் ஆசாரியர்களுடைய வேறொரு மரபையும் சேர்ந்தவை என்று கருதுவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். இந்த ஆய்வு முறையை ஏற்காதவர்களும் இந்த வேறுபாடு இருப்பதை மறுக்க இயலாது.

இன்னொரு விவரம் உங்கள் வகுப்புக்குப் பயன்படும். 1967-இல் யோர்தான் பள்ளத்தாக்கில், யாப்போக்கு ஆறு யோர்தானோடு சேரும் இடத்துக்கு அருகே உள்ள தெயிர் அல்லா என்ற மேட்டில், ஹென்க் பிராங்கன் தலைமையில் அகழாய்வு செய்த நெதர்லாந்துக் குழுவினர் சுண்ணாம்புப் பூச்சின் உடைந்த துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். கருப்பு மையாலும் சிவப்பு மையாலும் எழுதப்பட்ட அந்த எழுத்துகள் ஏறத்தாழ கி.மு. 800-ஐ ஒட்டியவை. அவற்றில் பேயோரின் குமாரன் பிலேயாம் என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. அவன் தெய்வங்களின் தரிசனக்காரன் என்று அழைக்கப்படுகிறான். இரவில் தெய்வங்கள் அவனிடம் வருகின்றன. காலையில் எழுந்து அவன் அழுது உபவாசிக்கிறான். ஏன் என்று கேட்ட ஜனங்களுக்கு, வரப்போகிற இருளையும் அழிவையும் அறிவிக்கிறான். இஸ்ரவேலைப் பற்றியோ பாலாகைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை. ஆனாலும் இரவில் செய்தி வருவது, காலையில் எழுந்து சொல்வது என்ற அந்த வரிசை எண்ணாகமத்தை வாசித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். யோர்தானுக்குக் கிழக்கே பல தலைமுறைகளாகப் புகழோடு பேசப்பட்ட தரிசனக்காரன் அவன் என்பது இதிலிருந்து விளங்குகிறது. பாலாக் ஏன் இத்தனை தூரம் ஆள் அனுப்பினான் என்பதும் விளங்குகிறது.

கூலியைப் பற்றியும் சிறிது கவனம் தேவை. தரிசனக்காரனிடம் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அக்கால வழக்கம். காணாமற்போன கழுதைகளைத் தேடிப்போன சவுல், தேவனுடைய மனுஷனுக்குக் கொண்டுபோக நம்மிடம் ஒன்றுமில்லையே என்று கவலைப்பட, வேலைக்காரன் தன்னிடமிருந்த கால்சேக்கல் வெள்ளியை நீட்டுகிறான். அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆகவே, குறிசொல்லுதலுக்குரிய கூலியைப் பாலாக் முதலில் அனுப்பிய மூப்பர்கள் கையில் எடுத்துவந்தார்கள் என்பதை மட்டும் வைத்து பிலேயாமைக் குற்றவாளி ஆக்க முடியாது.

இவ்வளவையும் சொன்னாலும், அவன் முற்றிலும் குற்றமற்றவன் என்று வாதாட நான் வரவில்லை. யோசுவா 24-இல் கர்த்தர், பிலேயாமுக்குச் செவிகொடுக்க எனக்குச் சித்தமில்லை, ஆகையால் அவன் உங்களை ஆசீர்வதித்துக்கொண்டே இருந்தான் என்கிறார். செவிகொடுக்க மறுத்தார் என்றால், அவன் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறான். இஸ்ரவேலின் நினைவில், சபிக்க அனுமதி கேட்ட மனிதனாகவே அவன் நிலைத்திருக்கிறான். எண்ணாகமம் 24-இன் தொடக்கத்திலும், முன்போல அவன் குறிபார்க்கப் போகவில்லை என்ற ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் முதல் இரண்டு மேடுகளிலும் பலிபீடத்தை விட்டுத் தனியே ஒதுங்கிப் போனபோது அவன் தேடிப்போனது குறியைத்தான். ஏழு பலிபீடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காளை, ஒரு ஆட்டுக்கடா. மூன்று இடங்களிலும் சேர்த்து 21 காளைகளும் 21 கடாக்களும் எரிந்தன. இடத்தை மாற்றினால், பார்க்கும் கோணத்தை மாற்றினால் பதிலும் மாறும் என்று பாலாக் நம்பினான். அதைத் தடுத்துச் சொல்ல வேண்டியவன், பலிபீடங்களைக் கட்டச் சொல்லிக் கூடவே நடந்தான்.

வேதமாணவி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்கள்’ என்ற பகுதியைப் பிலேயாம் தூதரிடம் மறைத்தான் என்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. இப்போது வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். அடுத்தடுத்த வசனங்களில் அப்படியே இருக்கிறது.

ஆனால் கூலியைப் பற்றிய குறிப்பு எனக்கு ஒரு புதிய கேள்வியைத் தந்துவிட்டது. காணிக்கை வாங்குவதே குற்றமில்லை என்றால், கோடு எங்கே இருக்கிறது? பவுலும், சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் முழுநேர ஊழியத்துக்குப் போக விரும்பும் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். காணிக்கையை வாங்கினாலே பிலேயாம் ஆகிவிடுவோமோ என்ற பயத்தை அவர்களுக்குள் விதைத்துவிடக் கூடாது. மேலும், 31-ஆம் அதிகாரத்தில் சொல்லப்படும் ஆலோசனையைப் பற்றியும் யாராவது விளக்கினால் நல்லது.

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

மகளே, உன் கேள்வியில் தம்பிகளைப் பற்றிய அக்கறை தெரிகிறது. கர்த்தர் உன் பாடத்தை ஆசீர்வதிப்பாராக.

ஆலோசனையிலிருந்தே தொடங்குகிறேன். 24-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பிலேயாம் எழுந்து தன்னிடத்துக்குத் திரும்பினான், பாலாகும் தன் வழியே போனான் என்று வாசிக்கிறோம். அடுத்த வரியே 25-ஆம் அதிகாரம்: இஸ்ரவேல் சித்தீமில் தங்கியிருக்கிறது, ஜனங்கள் மோவாபின் குமாரத்திகளோடே வேசித்தனம்பண்ணத் தொடங்குகிறார்கள், பாகால்பேயோருக்கு இட்ட பலிவிருந்தில் புசித்துப் பணிந்துகொள்கிறார்கள், வாதையில் 24,000 பேர் சாகிறார்கள். அந்த அதிகாரம் முழுவதிலும் பிலேயாம் என்ற பெயரே இல்லை. அதன்பின் ஜனத்தொகை எண்ணப்படுகிறது, செலொப்பியாத்தின் குமாரத்திகள் வழக்குக் கொண்டுவருகிறார்கள், யோசுவா நியமிக்கப்படுகிறான், பண்டிகைகளும் பொருத்தனைகளும் பேசப்படுகின்றன. இத்தனைக்கும் பிறகு 31-ஆம் அதிகாரத்தில், மீதியானியரோடு நடந்த யுத்தத்தில் கொல்லப்பட்ட ஐந்து ராஜாக்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, பேயோரின் குமாரனாகிய பிலேயாமையும் பட்டயத்தினாலே கொன்றார்கள் என்கிறது வேதம். சில வசனங்கள் தள்ளி மோசே காரணத்தைச் சொல்கிறார்: பேயோரின் சங்கதியிலே, அதாவது அந்தப் பாகால்பேயோர் விவகாரத்தில், இஸ்ரவேல் கர்த்தருக்குத் துரோகம் செய்யக் காரணமானது பிலேயாமின் பேச்சு.

தன் ஊருக்குத் திரும்பிப் போனவனுக்கு மீதியானில் என்ன வேலை? இந்தக் கேள்வியை யூத ரபீக்களும் கேட்டார்கள். அந்த 24,000 பேருக்குரிய கூலியை வாங்கத்தான் அவன் வந்திருந்தான் என்பது தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் பதிவான ஒரு பதில். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், திரும்பிப் போகும் வழியில் பிலேயாம் பாலாகுக்கு ஒரு யோசனை சொன்னதாக எழுதுகிறார்: தேவன் காக்கிற இந்த ஜனத்தைச் சாபத்தால் அழிக்க முடியாது, அழகான பெண்களை அவர்கள் பாளயத்துக்கு அருகே அனுப்பி, அவர்களாகவே தங்கள் தேவனை விட்டு விலகும்படி செய். இந்த விவரமெல்லாம் வேதத்தில் இல்லை, மரபாகவே எடுத்துக்கொள். ஆனால் வேதம் சொல்வதோடு நன்றாகவே பொருந்துகிறது. வெளிப்படுத்தல் 2-ஆம் அதிகாரமும், இஸ்ரவேல் புத்திரர் முன்பாக இடறலைப் போடும்படி பாலாகுக்குப் போதித்தவன் பிலேயாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

இந்த மனிதனை நினைத்தால் எனக்கு நடுக்கம் வருவது இந்த இடத்தில்தான். தீர்க்கதரிசனத்தை அவன் விற்கவில்லை. அதைக் கடைசிவரை பத்திரமாகவே வைத்திருந்தான். மேட்டின்மேல் நின்று பேசும்போது ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ அவன் துணியவில்லை. ஆனால் இந்த ஜனத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பது அந்தத் தரிசனங்களின் மூலமாகவே அவனுக்குத் தெரிந்தது. யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை, அவர்களுடைய தேவனாகிய கர்த்தர் அவர்களோடே இருக்கிறார் என்று வாயாரச் சொன்னவன், அப்படியானால் அந்தத் தேவனிடமிருந்து அவர்களைப் பிரித்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தான். தேவன் காட்டிய வெளிச்சத்தை வைத்தே தேவனுடைய ஜனத்தின் பலவீனத்தைக் கண்டுபிடித்து, ஆலோசனை என்ற பெயரில் விற்றான். மேட்டின்மேல் விற்க முடியாததைப் பள்ளத்தில் இறங்கி விற்றான்.

அதன் விளைவு அந்த வாதையோடு நின்றுவிட்டதா என்பதும் யோசிக்கத்தக்கது. சீனாய் வனாந்தரத்தில் எண்ணப்பட்டபோது சிமியோன் கோத்திரத்தார் 59,300 பேர். வாதைக்குப் பிறகு மோவாபின் சமனான வெளியில் எண்ணப்பட்டபோது 22,200 பேர். வேறெந்தக் கோத்திரமும் இவ்வளவு குறையவில்லை. மீதியானியப் பெண்ணாகிய கஸ்பியைச் சபையார் கண்முன்னே கூட்டிவந்த சிம்ரி அந்தக் கோத்திரத்தில் ஒரு பிரபு. இரண்டையும் இணைத்து வேதம் எதுவும் சொல்லவில்லை; ஆனால் வாசிக்கிற கண் அந்த எண்ணில் நின்றுவிடுகிறது.

வெளிப்படுத்தலின் அதே அதிகாரத்தில் பெர்கமு சபைக்கு ஆண்டவர் ஏன் பிலேயாமை நினைப்பூட்டினார் என்பதும் இதிலிருந்து புரியும். அந்தச் சபை பயந்த சபை அல்ல. அந்திப்பா என்ற சாட்சி கொல்லப்பட்ட நாட்களிலும் அவர்கள் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை என்று ஆண்டவரே சாட்சி சொல்கிறார். பட்டயத்துக்கு முன் நின்றவர்கள், விக்கிரகங்களுக்குப் படைத்த விருந்துக்கு முன் தளர்ந்துகொண்டிருந்தார்கள். சாபத்தால் அசையாத இஸ்ரவேல் சித்தீமின் விருந்தில் விழுந்தது போலவே.

இனி, கோடு எங்கே என்ற உன் கேள்வி. காணிக்கை வாங்குவது பாவம் என்று அந்தத் தம்பிகளுக்குச் சொல்லாதே. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு சொல்லைச் சொல்லவோ சொல்லாமல் விடவோ அந்தக் காணிக்கை காரணமாகுமானால், அங்கே கோடு தாண்டப்பட்டுவிட்டது. மீகா தன் காலத்துத் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து வாசி. ஓரிடத்தில், அவர்கள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள் என்கிறார். அதற்குச் சற்று முன்னே, தங்கள் பல்லுக்குக் கடிக்கக் கிடைத்தால் சமாதானம் என்கிறார்கள், வாய்க்கு ஒன்றும் கொடுக்காதவன்மேல் யுத்தம் தொடுக்கிறார்கள் என்கிறார். கொடுப்பவனுக்கு ஒரு செய்தி, கொடாதவனுக்கு வேறு செய்தி. எலிசா தீர்க்கதரிசி, குஷ்டம் நீங்கின நாகமானின் வெகுமதியை வாங்க மறுத்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: கிருபைக்கு விலைச்சீட்டு ஒட்டப்படுவதை அவர் விரும்பவில்லை. அவருடைய வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடிப்போய் அதை ஒட்டிவிட்டு வந்தான். ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் திதாகே என்ற சிறு நூலும், ஊர் ஊராய் வரும் தீர்க்கதரிசி தனக்காகப் பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. ஆனால் வறுமையில் இருக்கும் பிறருக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும், உங்களோடு தங்க வரும் உண்மையான தீர்க்கதரிசி தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும் சேர்த்தே சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நான் ஊழியம் செய்த நாட்களில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வசதியான ஒரு குடும்பத்தார் ஒரு சொத்தை வாங்குவதற்கு முன் ஜெபிக்கச் சொல்லி ஓர் ஊழியரிடம் வந்தார்கள். அந்தச் சொத்தில் ஒரு விதவையின் பங்கு சிக்கியிருந்தது அவருக்குத் தெரியும், வேண்டாம் என்றார். சில வாரங்கள் கழித்து ஆலயக் கட்டுமானத்துக்கு ஒரு பெரிய தொகையோடு அவர்கள் மறுபடியும் வந்து, இன்னொரு முறை ஜெபித்துப் பாருங்கள் என்றார்கள். அவரும் ஜெபிக்கிறேன் என்றார். அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, தமக்கென்று ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. ஆனால் விதவையின் பங்கு அப்படியே இருக்க, இரண்டாவது ஜெபத்தில் அவர் தேவனிடம் கேட்கப்போவது என்ன? நான் அருகில் இருந்தேன். அன்று அந்த அறையில் நானும் எதுவும் பேசவில்லை.

நதியோரம் எழுதியது:

போதகர் ஐயா, நன்றி. நீங்கள் எழுதியதை வாசித்தபோது, 1726-இல் வெளியான ஜோசப் பட்லரின் பிரசங்கங்களில் பிலேயாமைப் பற்றிய ஒன்று நினைவுக்கு வந்தது. பின்னாளில் டர்ஹாமின் பிஷப்பான அவர், பிலேயாமைத் துணிந்த பாவியாகக் காணவில்லை. கடமையை வெளிப்படையாக மீறவும் மனமில்லாமல், ஆசையைக் கைவிடவும் மனமில்லாமல், இரண்டையும் எப்படியாவது ஒத்துப்போகச் செய்யலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டவனாகவே காண்கிறார். நீதிமான் மரிப்பதுபோல் நான் மரிப்பேனாக என்ற அவனுடைய விருப்பம் நடிப்பல்ல, உண்மையானது என்றே பட்லர் எடுத்துக்கொள்கிறார். எனக்கும் அப்படியே தோன்றுகிறது. நீதிமானைப் போல வாழும் எண்ணம் மட்டும் அவனுக்கு இருக்கவில்லை.

கல்வெட்டு வாசகர் சொன்ன எச்சரிக்கையை வகுப்பில் விட்டுவிடாதீர்கள், சகோதரி. 31-ஆம் அதிகாரத்தை முதலிலேயே வாசித்துவிட்டால், 22-இல் உள்ள எல்லாச் சொற்களும் கறுப்பாகவே தெரியத் தொடங்கும். வாலிபர்கள் நீங்கள் பட்ட குழப்பத்தைப் படாமலே பதிலை எழுதிக்கொள்வார்கள். முதல் வாரத்தில் 22 முதல் 24 வரை மட்டும் வாசித்து, இவன் நல்லவனா இல்லையா என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் நல்லவன் என்றே சொல்லக்கூடும்; அப்படிச் சொன்னால் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். அடுத்த வாரம் 22-ஆம் அதிகாரத்தின் 12, 13, 14 ஆகிய மூன்று வசனங்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்து, செய்தியில் எது எங்கே காணாமற்போனது என்று கேளுங்கள். மூன்றாம் வாரத்துக்கு 25, 31 ஆகிய அதிகாரங்களையும் பெர்கமுவையும் வைத்துக்கொள்ளலாம்.

வேதமாணவி எழுதியது:

இந்த வரிசையிலேயே நடத்துகிறேன். போதகர் ஐயா, உங்கள் கடைசிப் பத்தியை வகுப்பில் வாசிக்க உங்கள் அனுமதி வேண்டும். அந்த இரண்டு தம்பிகளும் அதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

தாராளமாக வாசி, மகளே. நான் பேசாமல் இருந்தேன் என்ற வரியையும் விடாமல் வாசி.